மழலையும் துயிலும்

துயில் என்றாலே மாணவர்களாகிய நமக்கு ஒரு குற்ற உணர்வு தோன்றும். வகுப்பில் கண்ணயர்ந்தால் ஆசிரியர் கடிந்துகொள்வார். விடியலில் எழாவிட்டால் வீட்டில் வசை கிடைக்கும். வள்ளுவப் பெருந்தகையும் மடியின்மை அதிகாரத்தில், அழிவை நோக்கிச் செல்வோர் விரும்பி ஏறும் மரக்கலங்கள் நான்கனுள் ஒன்றாகத் துயிலை வைத்தார். ஆனால் அவர் பேசியது வளர்ந்த மனிதரைப் பற்றி. பிறந்த குழந்தைக்குத் துயில் சோம்பல் அன்று. பால் குடிப்பதைப் போல அதுவும் அதன் தொழில். விலங்கியல் மூன்றாம் ஆண்டு மாணவனாகிய நான் இவ்வுண்மையைப் பாட நூலில் கற்றேனில்லை. உப்பளத்தில் எங்கள் வீட்டின் ஒற்றை அறையில் பட்டு அறிந்தேன்.

ஓர் அறையும் ஒரு விளக்கும்

எங்கள் வீட்டில் சமையற்கட்டு நீங்கலாக இருப்பது ஒரே அறை. அதில் அம்மா, அப்பா, ஆயா, நான். தலைப்பிரசவத்திற்காக அக்கா தாய்வீடு வந்து, ஆடி மாதம் பெண் குழந்தை பெற்றாள். பாப்பாவுக்கு நான்காம் மாதம் நடந்தபோது எனக்குப் பருவத் தேர்வு வந்தது. புதுவைக்குக் கார்த்திகை மழை எப்படிப்பட்டது என்பதை இங்குள்ளோர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. வாசற்படியில் தெருவிளக்கின் கீழ் அமர்ந்து படிக்கும் என் வழக்கம் மழையோடு போயிற்று. கதவைச் சாத்திவிட்டு, அறையின் நடுவே தொங்கும் விளக்கை இரவு பன்னிரண்டு மணி வரை எரியவிட்டு, வாய்விட்டுப் படித்தேன். அப்பா ஒரு மூலையில் கைப்பேசியில் செய்தி கேட்பார். பாப்பா தூளியில் கண்ணை மூடுவாள். அரை மணி கழித்து வீறிட்டு எழுவாள். அவள் அழுதால் எனக்குப் படிப்பு ஓடாது. நான் படித்தால் அவளுக்குத் தூக்கம் வராது.

ஒரு நாள் பக்கத்து வீட்டு அத்தை, "இருமல் மருந்து அரை மூடி குடுத்துப் பாருங்க, விடியிற வரைக்கும் அசையாது" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தம் பிள்ளைகளை அப்படித்தான் வளர்த்தாராம். அக்காவிடமும் கேட்காமல் நான் மருந்துக் கடைக்குச் சென்றேன். கடைப் பெரியவர், "இருமலா, சளியா?" என்று கேட்டார்.

"ரெண்டும் இல்லைங்க. பாப்பா தூங்க மாட்டேங்குது. எனக்குப் பரீட்சை."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப மருந்து பாப்பாவுக்கா, உனக்கா தம்பி?" என்றார். மருந்தும் தரவில்லை.

நான் வெட்கிப்போய் நேரே வீடு திரும்பாமல் ரோமன் ரோலண்டு நூலகத்திற்கு நடந்தேன். 1827-இல் தொடங்கிய அந்நூலகத்தில் தேர்வு நூல்களை ஒதுக்கிவிட்டுக் குழந்தை மருத்துவ நூல்களைப் புரட்டினேன். பின்னர் எங்கள் துறைப் பேராசிரியரிடமும் கேட்டுத் தெளிந்தேன். அப்படித் திரட்டியதையே இங்கு நண்பர்கள் முன் வைக்கிறேன்.

எத்தனை மணி நேரம்?

உலக நலவாழ்வு நிறுவனம் 2019-ஆம் ஆண்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கென ஒரு வழிகாட்டி வெளியிட்டது. அதன்படி, பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளில்,

பிறந்தது முதல் 3 மாதம் வரை 14 முதல் 17 மணி நேரம்;
4 முதல் 11 மாதம் வரை 12 முதல் 16 மணி நேரம்;
1 முதல் 2 வயது வரை 11 முதல் 14 மணி நேரம்;
3 முதல் 4 வயது வரை 10 முதல் 13 மணி நேரம்

உறக்கம் வேண்டும். பள்ளி செல்லும் 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயதினர்க்கு 8 முதல் 10 மணி நேரமும் தேவை என்று அமெரிக்கத் துயில் மருத்துவக் கழகம் 2016-இல் கூறியது. நம்மிடையே முதலாண்டு மாணவர் பலர் இக்கடைசி வரிசையில் அடங்குவர் என்பதையும் நினைவிற் கொள்க.

இவை எல்லைகளே அன்றி அளவுகோல் போட்டு வெட்டிய கோடுகள் அல்ல. ஒரு குழந்தை சற்றுக் கூடவும் ஒரு குழந்தை சற்றுக் குறையவும் உறங்கலாம். விழித்திருக்கும்போது முகம் தெளிந்து, நன்றாகப் பால் குடித்து, எடை ஏறி வருமானால் அஞ்ச வேண்டியதில்லை. நான் ஒரு நோட்டுப் புத்தகத்தில் பாப்பாவின் உறக்கத்தைக் குறித்து வந்தேன். முதல் மூன்று நாளும் பத்தரை மணியைத் தாண்டவில்லை. நான்கு மாதக் குழந்தைக்கு 12 மணி நேரமாவது வேண்டும். குறைந்த நேரம் எங்கே போயிற்று என்று தேட வேண்டியிருக்கவில்லை. அது என் தலைக்கு மேலே எரிந்துகொண்டிருந்தது.

இரவு பகல் அறியாத காலம்

பிறந்த குழந்தைக்கு இரவும் பகலும் ஒன்றே. அதன் இரைப்பை மிகச் சிறியது. இரண்டு மூன்று மணிக்கொருமுறை பசித்து எழும். நம் உடலுக்குள் இரவு பகலைக் கணிக்கும் கடிகாரம் ஒன்று உண்டு. அதன் நுண்பொறியை ஈக்களில் ஆராய்ந்து கண்ட ஹால், ரோஸ்பாஷ், யங் ஆகிய மூவருக்கு 2017-இல் நோபல் பரிசு கிடைத்ததை வகுப்பில் படித்திருக்கிறோம். அக்கடிகாரம் குழந்தைக்கு இரண்டு மூன்று மாதம் ஆகும்போதுதான் சீராக ஓடத் தொடங்குகிறது. அதற்குச் சாவி கொடுப்பது வெளிச்சம். பகலில் வெளிச்சமும் பேச்சும், இரவில் இருளும் அமைதியும் என்று மாறி மாறி வந்தால்தான் குழந்தையின் உடல் இரவை இரவென்று கற்றுக்கொள்ளும்.

இருள் சூழும்போது மூளையிலுள்ள பினியல் சுரப்பி மெலடோனின் என்னும் இயக்குநீரைச் சுரக்கிறது. அதுவே உறக்கத்தை அழைக்கும் தூது. 3 முதல் 5 வயதுவரையுள்ள குழந்தைகளைப் படுக்கும் நேரத்திற்கு முன் ஒரு மணி நேரம் மிகுந்த வெளிச்சத்தில் விளையாடவிட்டபோது, அவர்தம் மெலடோனின் ஏறத்தாழ 88 விழுக்காடு குறைந்தது எனக் கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர் 2018-இல் கண்டனர். எங்கள் வீட்டு விளக்கு அத்துணைப் பெரியதன்று. பாப்பாவும் அவர்களிலும் சிறியவள். ஆயினும் பிஞ்சுக் கண்களுக்கு வெளிச்சம் வெறும் வெளிச்சம் அன்று, "இன்னும் பகல்தான்" என்னும் செய்தி என்பது எனக்கு விளங்கிற்று. கைப்பேசித் திரையும் அதே செய்தியைத்தான் சொல்கிறது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரையே கூடாது, 2 முதல் 4 வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேல் கூடாது என்று மேற்சொன்ன 2019 வழிகாட்டி விதிக்கிறது.

நரி மிரட்டுகிறதா?

பாப்பா தூக்கத்தில் சிரிப்பாள். திடீரென்று முகம் சுளிப்பாள். "சாமி பூ காட்டுது, சிரிக்குது, நரி வந்து மிரட்டுது, அழுவுது" என்பார் ஆயா. அறிவியலார் இதை வேறு பெயரால் அழைக்கின்றனர். 1953-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்னும் இருவர், உறங்குவோரின் மூடிய இமைக்குள் கண்கள் விரைந்து அசையும் ஒரு துயில்நிலை உண்டென்று அறிவித்தனர். அசெரின்ஸ்கி முதலில் ஆராய்ந்தவருள் அவருடைய சிறு மகனும் ஒருவன். வளர்ந்தவர்க்கு இந்நிலை மொத்த உறக்கத்தில் கால்பங்கு அளவே. பிறந்த குழந்தைக்கோ ஏறத்தாழ அரைப்பங்கு. மூளை தன்னைக் கட்டிக்கொள்ளும் காலத்தில் இத்துயில் மிகுந்திருப்பது தற்செயலன்று என்பது அறிஞர் கருத்து. எனவே குழந்தை உறக்கத்தில் முனகியவுடனே அள்ளித் தூக்க வேண்டா. சற்றுப் பொறுத்துப் பார்த்தால் பல வேளைகளில் அது தானே மீண்டும் உறங்கிவிடும். நாங்கள் ஓடி ஓடித் தூக்கியே பாப்பாவை எழுப்பியிருக்கிறோம்!

சற்று வளர்ந்த குழந்தைகளுக்கு ஆழ்ந்த துயிலின்போதே வளர்ச்சி இயக்குநீர் மிகுதியாகச் சுரக்கிறது. பகலில் கற்ற சொல்லும் செயலும் மனத்தில் பதிவதற்கும் உறக்கம் துணை செய்கிறது. தூக்கம் குறைந்த சிறுவன் நம்மைப் போல் சோர்ந்து அமர மாட்டான்; அடம்பிடிப்பான், ஓடுவான், அடிப்பான். "கொழுப்பு" என்று நாம் கண்டிக்கும் பல குறும்புகள் தூக்கக் குறைவின் வேடங்களே.

தாலாட்டும் தூளியும்

நம் முன்னோர் இதைக் கருவி கொண்டு அளக்கவில்லை, ஆயினும் உணர்ந்திருந்தனர். பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் மூன்றாவதாகத் தாலப் பருவத்தை வைத்தனர். தால் என்பது நா. நாவசைத்துப் பாடுவது தாலாட்டு. ஒரே இசை, தாழ்ந்த குரல், சீரான அசைவு: இம்மூன்றும் சேர்ந்து குழந்தைக்கு நேரம் வந்தது என்று அறிவிக்கின்றன. மெல்ல ஆடும் கட்டிலில் உறங்கிய பெரியோர்க்கே விரைவில் உறக்கம் வந்து ஆழ்துயிலும் மிகுந்தது என 2019-இல் ஜெனீவா ஆய்வாளர் கண்டனர்.

ஆயினும் தூளியில் ஓர் எச்சரிக்கை உண்டு. துணி குழிந்து குழந்தையின் மோவாய் மார்பில் அழுந்தினால் மூச்சு தடைப்படலாம். உறக்கம் பிடித்தபின் உறுதியான, சமமான படுக்கையில் மல்லாந்து கிடத்துவதே நலம். குப்புறப் போடலாகாது, அருகே தலையணையும் தளர்ந்த போர்வையும் வேண்டா. அமெரிக்காவில் 1992 முதல் குழந்தைகளை மல்லாத்திப் படுக்கவைக்குமாறு மருத்துவர் வலியுறுத்தினர். அதன்பின் காரணம் தெரியாத திடீர்க் குழந்தை மரணம் பாதிக்கும் கீழாகக் குறைந்தது.

இனி அந்த மருந்து. குளோர்பெனிரமின், பினைலெஃப்ரின் ஆகிய இரண்டும் கலந்த சளி மருந்தை 4 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தரலாகாது என்று புட்டியிலேயே அச்சிட வேண்டுமென 2023 டிசம்பரில் நடுவண் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஆணையிட்டது. அத்தகைய மருந்து தருவது துயிலன்று, மயக்கம். பிஞ்சு உடலில் அது மூச்சையும் அடக்கக்கூடும். குறட்டையோடு மூச்சு நின்று நின்று வந்தாலோ, பாலுக்கும் எழாமல் குழந்தை துவண்டு கிடந்தாலோ காலம் தாழ்த்தாமல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

எட்டு மணி நேரத்தின் விலை

ஆயாவின் தகப்பனார் பஞ்சாலைத் தொழிலாளி. ஆலைச் சங்கு ஊதும் நேரமே அந்நாளில் வீட்டுக் கடிகாரம் என்பார் ஆயா. 1936 ஜூலை 30 அன்று, வேலை நேரக் குறைப்பு முதலிய உரிமைகள் கேட்டுப் போராடிய புதுவைப் பஞ்சாலைத் தொழிலாளர் 12 பேர் துப்பாக்கிச் சூட்டில் மாண்டனர். அதன் பின்னரே, 1937-இல், எட்டு மணி நேர வேலை இங்குச் சட்டமாயிற்று. உழைப்பவனுக்கு ஓய்வு என்பது பிச்சையன்று, உரிமை என்பதை இந்த ஊர் குருதி கொடுத்து நிலைநாட்டியது. பெரியோர் சங்கம் அமைத்து ஓய்வைக் கேட்டனர். பாப்பாவுக்குச் சங்கம் இல்லை. அழுகை ஒன்றே உண்டு. அதைக் கேட்டு, வாயை அடைக்க மருந்து வாங்கப் புறப்பட்டவன் நான்.

தெருவுக்கும் இதில் பங்குண்டு. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் பொதுவாகத் தடுக்கின்றன. விழாக் காலத்தில் அதை நினைவூட்டும் பொறுப்பு படித்த இளைஞர்க்கு உண்டன்றோ?

நிறைவாக

அன்றிரவே எங்கள் வீட்டில் ஓர் உடன்பாடு செய்துகொண்டோம். மாலை நூலகத்தில் படித்துவிட்டு வருவது. எட்டரை மணிக்கு விளக்கை அணைப்பது. அப்பா செய்தியைக் காலையில் கேட்பது. விடியல் நான்கரை மணிக்குப் பாப்பா பாலுக்கு எழும்போது நானும் எழுந்து, சமையற்கட்டில் சிறு விளக்கை ஏற்றி மனத்துக்குள் படித்தேன். ஆயா தாலாட்டுக்குப் பொறுப்பேற்றார். முதல் நான்கு நாள் பயனில்லை. இரண்டு வாரம் கழிந்தபோது நோட்டுப் புத்தகத்தில் பதின்மூன்று மணி என்று எழுதினேன். அக்காவின் கண்ணுக்குக் கீழிருந்த கருமையும் சற்றே மாறியது.

தேர்வில் ஒரு தாளில் எதிர்பார்த்த மதிப்பெண் வரவில்லை. பாப்பாவைக் குறை சொல்ல மாட்டேன். கடைப் பெரியவரிடம் இதுவரை நன்றி சொல்லவில்லை. இவ்விதழ் அச்சாகி வந்ததும் ஒரு படி கொண்டுபோய்க் கொடுக்க எண்ணியுள்ளேன். நம்மில் பலர் வீட்டில் தம்பி, தங்கை, அக்காள் பிள்ளைகள் இருப்பர். நண்பர்களே, இன்றிரவு எட்டரை மணிக்கு ஒருமுறை தலைக்கு மேலே எரியும் விளக்கைப் பாருங்கள். அது யாருக்காக எரிகிறது, யார் உறக்கத்தில் எரிகிறது என்று எண்ணிப்பாருங்கள்.