மலைக்காடும் ஊர்க்கல்வியும்

மலைச்சரிவில் மரம் குறைந்தால் ஊற்று வற்றும். மேல்மண் மழையில் அரித்துச் செல்லப்பட்டு வயலும் மேய்ச்சலும் கெடும். இவ்வுண்மையைக் குடியானவர்களுக்குக் கற்பிக்கும் வகைக்கு, இமயமலையில் பௌரி கார்வால் ஜில்லாவிலுள்ள உஃப்ரைங்கால் என்னும் சிற்றூர் தக்க உதாரணமாகும்.

அங்குப் பள்ளி ஆசிரியராயிருந்த சச்சிதானந்த பாரதி என்பவர், தூதாதோலி மலைக்காட்டை ஒட்டிய கிராமங்களில் 1980-ஆம் ஆண்டு முதல் முகாம்கள் கூட்டலானார். வந்தவர்கள் உபந்நியாசம் கேட்டுக் கலைந்துவிடவில்லை. குழி எடுத்துக் கன்று நட்டார்கள். அக்ரோட்டு நாற்றுப்பண்ணை ஒன்றும் வைத்தார்கள். கன்று விற்ற பணம் இவ்வேலைக்கே உதவிற்று.

விறகும் புல்லும் சுமப்பவர்கள் பெண்மக்கள். சரிவில் வெட்டும் மேய்ச்சலும் தடுக்கப்பட்டால் அன்றைய கஷ்டம் அவர்கள் தலையிலேயே விழும். அவர்கள் மனமொப்பாத கட்டுப்பாடு ஒரு மாதமும் நில்லாது என்பது நம் கருத்து. இங்கோ ஊர்ப் பெண்கள் சங்கங்களே காவலை ஏற்றுக்கொண்டன. காவலுக்குச் செல்பவள் சலங்கை கட்டிய கோல் ஒன்றை எடுத்துச் செல்வாள். மாலையில் அதை அண்டை வீட்டு வாயிலில் சார்த்தி வைப்பாள். மறுநாள் முறை அவ்வீட்டாருடையது. இதற்குச் சம்பளம் கிடையாது.

1987-ஆம் ஆண்டின் வறட்சியில் கன்றுகள் வாடின. மரம் நட்டால் மட்டும் போதாது, மழைநீரையும் சரிவிலேயே நிறுத்தவேண்டும் என்பது அப்போது தெளிவாயிற்று. மலைமக்கள் முற்காலத்தில் சிறு குளங்களைச் ‘சால்’ என்றும் பெரியவற்றைக் ‘கால்’ என்றும் அழைத்து வந்தனர். உஃப்ரைங்கால் என்ற பெயரின் ஈறும் அதுவே. அவ்வழக்கத்தை நினைவூட்டி, சரிவெங்கும் ஆயிரக்கணக்கில் சிறு நீர்க்குழிகள் வெட்டுவித்தனர். செங்குத்தான நிலத்தில் பெருங்குளம் உடையக்கூடும். சிறு குழியாயின் நிரம்பி வழிந்த நீர் கீழுள்ள குழியில் தங்கி, மண்ணில் ஊறும். குழியைச் சுற்றிப் புல்லும் மரமும் வைத்தனர். மண் ஈரம் பெற்றதால் கன்றுகள் பிழைத்தன. காட்டுத்தீயின் வேகமும் தணிந்தது. மழை நின்றதும் வறண்டுபோகும் சூகாரௌலா என்ற ஓடையில் நாளடைவில் நீர் நிலைத்து ஓடலாயிற்று. ‘சூகா’ என்றால் வறண்டது என்று பொருள்; ஆகவே ஜனங்கள் அதனைக் காட்கங்கை எனப் பெயர் மாற்றினர்.

இம்முறையைப் பின்பற்றுவோர் ஒன்று கவனிக்கவேண்டும். நிலச்சரிவு நேரும் இளகிய மண்ணில் நீரைத் தேக்குவது அபாயம். அத்தகைய இடங்களில் குழி வெட்டாது, புல்லையும் புதரையும் வளரவிடுதல் நலம்.