சுவருக்குப் பின்னால் ஒளிந்தும் சாவது ஏன்?

கேள்வி: பிளஸ் டூ முடித்த என் மகன் லீவு முழுக்க கம்ப்யூட்டரில் துப்பாக்கிச் சண்டை விளையாடுகிறான். ஜெயித்தால் அவன் திறமை, தோற்றால் “லேக் அடிக்குதும்மா, நெட் சரியில்லை.” சுவருக்குப் பின்னால் ஒளிந்த பிறகும் சுட்டுவிடுகிறார்களாம். நடுராத்திரியில் இன்னும் மோசமாம். 100 எம்பிபிஎஸ் பிளானை 300 ஆக்கச் சொல்லி நச்சரிக்கிறான். ஆக்கினால் சரியாகுமா, இல்லை கதை விடுகிறானா?
— ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: சுவர் விஷயம் கதையல்ல அம்மா. ஆனால் பிளானை மாற்றினால் அது தீராது.

திரை ஓரத்தில் ‘பிங்’ என்று ஓர் எண் ஓடும், பாருங்கள். அவன் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு செய்தி சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகும் நேரம் அது, மில்லி செகண்டில். கண்ணாடி இழைக்குள் ஒளி ஒரு மில்லி செகண்டில் சுமார் 200 கி.மீ. தான் ஓடும். சர்வர் மும்பையில் இருந்தால் நெல்லையிலிருந்து நேர்கோட்டிலேயே ஏறக்குறைய 1,250 கி.மீ. போய்வர 12, 13 மில்லி செகண்டைக் குறைக்க யாராலும் முடியாது. கேபிளோ நேர்கோட்டில் போவதில்லை, வழியில் பல இடங்களில் கைமாறுகிறது. பிங் 40 காட்டினால் குறை சொல்ல ஒன்றுமில்லை. 100, 300 என்பதெல்லாம் குழாயின் அகலம். இந்த விளையாட்டுகளுக்குச் சில எம்பிபிஎஸ் இருந்தாலே தாராளம். அகலத்தைக் கூட்டினால் மும்பை பக்கத்தில் வந்துவிடாது.

இனி சுவர். எதிராளியின் திரையில் உங்கள் மகன் தெரிவது, கண்ணிமைக்கும் நேரத்துக்கு முன்பு நின்ற இடத்தில். எதிராளி குறிபார்த்துச் சுட்டதும் சர்வர் காலத்தை அந்த அளவுக்குப் பின்னோட்டி, “சுட்டபோது இவன் திரையில் அவன் எங்கே தெரிந்தான்?” என்று பார்த்துத் தீர்ப்பு சொல்லும். அதற்குள் உங்கள் பையன் சுவர் மறைவுக்குப் போயிருப்பான். சாவுச் செய்தி அங்கே வந்து சேரும். வால்வ் நிறுவனத்தின் யான் பெர்னியர் 2001-லேயே இந்த முறையை விளக்கி எழுதியிருக்கிறார், இந்தக் குறையையும் சேர்த்துத்தான். இது இல்லையென்றால் ஓடுகிற ஆளைச் சுட, அவனுக்கு முன்னால் வெறும் காற்றைக் குறிபார்க்க வேண்டும். அதற்கு இந்த அநியாயமே மேல் என்பது என் கட்சி.

நடுராத்திரிப் புகாரிலும் நியாயம் உண்டு. ஆட்டத்துக்கு ஆள் சேர்க்கும் ‘மேட்ச்மேக்கிங்’குக்கு மூன்று ஆசை: சம பலமுள்ள ஆட்கள், பக்கத்து சர்வர், சீக்கிரம் தொடக்கம். சாயங்காலம் கூட்டம் இருக்கும்போது மூன்றும் கிடைத்துவிடும். ராத்திரி இரண்டு மணிக்கு ஆள் எங்கே? காத்திருக்கும் நேரம் ஏற ஏறப் பல விளையாட்டுகள் வலையை அகலமாக வீசும். சிக்குவது 3,000 கி.மீ. தள்ளி சிங்கப்பூர் சர்வராகவும் இருக்கலாம். (இரண்டு மணிக்கு அவன் ஏன் முழித்திருக்கிறான் என்பது நீங்கள் விசாரிக்க வேண்டியது.)

ஆனால் என் சந்தேகம் உங்கள் வீட்டு ரவுட்டர் மேல். ஒரு நாள் அவன் பின்னால் நின்று அந்த எண்ணை மட்டும் கவனியுங்கள். 60-லேயே நின்றாலும் கை அதற்குப் பழகிவிடும். 40, 42, 170, 41 என்று துள்ளினால் யாராலும் விளையாட முடியாது. ரவுட்டர் ஹாலில், பையன் மாடியில் என்றால் வைஃபை தடுமாறும். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை என்றால் மைக்ரோவேவ் அடுப்பு ஓடினாலே போதும். வீட்டில் யாருடைய போனாவது கல்யாண வீடியோக்களை மேலே ஏற்றிக்கொண்டிருந்தால், மகனின் துப்பாக்கிக் குண்டு அதன் பின்னால் வரிசையில் நிற்கும்.

பிளானை மாற்றாதீர்கள். ரவுட்டரிலிருந்து அவன் மேஜை வரை ஒரு லேன் கேபிள் இழுத்துக் கொடுங்கள். சில நூறு ரூபாயில் முடியும். அதன் பிறகும் பிங் துள்ளினால் நெட் கம்பெனிக்குப் போன் போடுங்கள். துள்ளாமலே தோற்றால், எதிராளி நன்றாக விளையாடுகிறான் என்று அர்த்தம்.