குற்றவாளி சென்சார்தானா? பழைய போர்ஷே 944-ஐச் சுற்றிய நம்பிக்கைகள்

வெயிலில் அரை மணி நேரம் நன்றாக ஓடிய கார், சிக்னலில் திடீரென்று நின்றுவிடுகிறது. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, ஆனால் இன்ஜின் பிடிக்கவில்லை. இருபது நிமிடம் காத்திருந்தால் எதுவுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. பழைய போர்ஷே 944 வைத்திருப்பவர்களுக்குப் பழகிப்போன காட்சி இது. பக்கத்தில் நிற்கும் யாராவது ஒருவர் "சென்சார் போச்சு" என்பார். புதிய சென்சார்கள் வரும், பழையவை குப்பைக்குப் போகும். அடுத்த வெயிலில் கார் மறுபடியும் நிற்கும்.

944 தயாரானது 1982 முதல் 1991 வரை. பெரும்பாலான கார்கள் ஜெர்மனியின் நெக்கர்சுல்ம் நகரில் ஆடி ஆலையில் உருவானவை. பெட்ரோலையும் தீப்பொறியையும் ஒரே கம்ப்யூட்டர் கவனித்துக்கொள்ளும் போஷ் மோட்ரானிக் முறை, 1979-இல் பிஎம்டபிள்யூ 732ஐ காரில் முதலில் வந்தது. 944-இல் இருப்பதும் மோட்ரானிக்தான். அந்தக் கம்ப்யூட்டருக்குக் கண்ணும் காதும் சென்சார்கள் மட்டுமே. ஆனால் இன்றைய கார்களைப்போல எந்த சென்சாரில் கோளாறு என்று எடுத்துச் சொல்லும் வசதி பெரும்பாலான 944-களில் இல்லை. நம்பிக்கைகள் முளைக்க இந்த இடைவெளி போதும்.

"சூட்டில் நின்று, ஆறினால் ஓடினால் அது சென்சார்தான்" என்பது அவற்றில் மிகப் பரவலானது. பாதி உண்மை. இன்ஜினின் சுழற்சியைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சென்சாருக்குள் இருக்கும் மெல்லிய செம்புக் கம்பிச் சுருள் விரிசல் விட்டிருந்தால், சூட்டில் இணைப்பு விலகி, ஆறியதும் சேர்ந்துகொள்ளும். ஆனால் கம்ப்யூட்டருக்கும் பெட்ரோல் பம்புக்கும் மின்சாரம் தரும் டிஎம்இ ரிலேயும் அச்சு அசலாக இதையே செய்யும். அதன் ஈயப் பற்றவைப்புகள் முப்பது வருட அதிர்விலும் சூட்டிலும் கண்ணுக்குத் தெரியாத வளையங்களாக வெடித்திருக்கும். சென்சாரைக் கழற்ற இன்ஜினுக்கும் தீச்சுவருக்கும் நடுவே கையை நுழைத்துப் போராட வேண்டும். ரிலேயை நிமிடங்களில் மாற்றிவிடலாம். அப்படியிருந்தும் பலர் கடினமான வேலையில்தான் முதலில் கைவைக்கிறார்கள்.

பணம் செலவழிக்கும் முன் செய்ய வேண்டிய சோதனை எளிது. ஸ்டார்ட்டர் சுற்றும்போது டாக்கோமீட்டர் முள்ளைக் கவனித்தால் போதும். முள் லேசாகத் துடித்தால், சென்சார்களின் சிக்னல் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேர்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். அசையாமல் கிடந்தால் பிளக்கைக் கழற்றி மல்டிமீட்டர் வைக்க வேண்டும். நல்ல சென்சாரின் சுருள் 600 முதல் 1,600 ஓம் வரை காட்டும். மறக்கக் கூடாத ஒன்று: கார் நின்றுபோன அந்தச் சூட்டிலேயே அளக்க வேண்டும். வீட்டுக்கு வந்து காலையில் அளந்தால், கெட்ட சென்சாரும் நல்ல எண்ணையே காட்டும்.

"புதுசு வாங்கி மாட்டினால் வேலை முடிந்தது" என்பது இன்னொரு நம்பிக்கை. ஃப்ளைவீல் அருகே ஒரே தாங்கியில் இரண்டு சென்சார்கள் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கின்றன. ஒன்று ஃப்ளைவீலின் பற்களைப் பார்த்து வேகத்தைச் சொல்கிறது. மற்றது ஃப்ளைவீலில் பதித்த ஒரே ஒரு திருகைப் பார்த்து, சுழற்சி எங்கே இருக்கிறது என்று சொல்கிறது. இரண்டும் ஒரே பாகம்தான், பிளக்கும் ஒரே மாதிரி. மாற்றிச் செருகினால் இன்ஜின் ஸ்டார்ட் ஆகவே ஆகாது. அதனால்தான் கனெக்டர்களில் டிஜி, பிஜி என்று ஜெர்மன் எழுத்துகள் இருக்கும். டிஜி வேகத்துக்கு, பிஜி அந்தத் திருகு அடையாளத்துக்கு. எழுத்து அழிந்திருந்தால், கழற்றுவதற்கு முன்பே ஒரு வயரில் டேப் சுற்றிவைப்பது பெரிய தலைவலியைத் தவிர்க்கும்.

அடுத்தது இடைவெளி. சென்சார் முனைக்கும் அந்தத் திருகின் தலைக்கும் நடுவே 0.8 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ஃபீலர் கேஜ் நுழைய இடமில்லாததால், அனுபவப்பட்ட மெக்கானிக்குகள் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். 0.8 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு வாஷரைச் சென்சார் முனையில் லேசாக ஒட்டுகிறார்கள். இன்ஜினைக் கையால் சுற்றித் திருகை நேர் எதிரே கொண்டுவந்து, வாஷர் தொடும்வரை தாங்கியை நகர்த்தி இறுக்குகிறார்கள். பிறகு சென்சாரை உருவி, வாஷரைப் பிய்த்துவிட்டுத் திரும்பப் போடுகிறார்கள். எவ்வளவு அழகான வேலை! இந்த இடைவெளி தப்பினால், விலை உயர்ந்த புது சென்சாரும் பழையதைப் போலவே நடந்துகொள்ளும்.

டேஷ்போர்டில் வெப்ப முள் சரியாக நிற்பதால் வெப்ப சென்சாரும் சரி என்று நினைப்பவர்கள் உண்டு. முள்ளுக்கு ஒரு சென்சார், கம்ப்யூட்டருக்கு வேறொரு சென்சார். இரண்டாவதின் மின்தடை 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம், 80 டிகிரியில் 300 சொச்சம் ஓம். அதன் வயர் அறுந்தால், இன்ஜின் உறைபனியில் கிடப்பதாகக் கம்ப்யூட்டர் எண்ணிக்கொண்டு பெட்ரோலைக் கொட்டும். புகைக்குழாயில் கரும்புகை வரும், முள் மட்டும் நிம்மதியாக நடுவில் நிற்கும்.

காற்றின் அளவை அறியும் மீட்டரைப் பற்றியும் ஒரு வார்த்தை. உள்ளிருக்கும் கரித் தடம் தேய்ந்ததும் முழு மீட்டரையும் மாற்றச் சொல்வார்கள். தொடு கையைச் சற்று நகர்த்தித் தேயாத தடத்தில் ஓடவிட்டால், பல மீட்டர்கள் மறுபடியும் ஒழுங்காக வேலை செய்யும்.

ஆக்சிஜன் சென்சார்தான் அதிகம் பழி சுமப்பது. புகையில் ஆக்சிஜன் மிஞ்சுகிறது என்று அது சொன்னால், அநேகமாக உண்மையைத்தான் சொல்கிறது. எங்கோ ஒரு ரப்பர் குழாய் வெடித்து, அளக்கப்படாத காற்று உள்ளே போகிறது. சென்சாரை மாற்றினால், புதியதும் அதையே சொல்லும். நிஜமாகவே மாற்ற நேர்ந்தால், வயரை ஈயம் வைத்துப் பற்றவைக்கக் கூடாது. ஒப்பிட்டுப் பார்க்கத் தேவையான வெளிக்காற்றை இந்த சென்சார்களில் பல, வயரின் உள்ளிழைகள் வழியாகத்தான் இழுக்கின்றன. ஈயம் அந்த வழியை அடைத்துவிடும். கிரிம்ப் செய்வதே முறை.

வாங்கும் இடத்திலும் ஒரு மயக்கம் இருக்கிறது. போர்ஷே பெட்டியில் வந்தால்தான் அசல் என்கிறார்கள். இந்த சென்சார்களைச் செய்தது போஷ். போஷ் பெட்டியில், பாக எண் பொருந்தி, நம்பிக்கையான கடையில் கிடைத்தால் அதுவும் அதே சரக்குதான். பயப்பட வேண்டியது போஷ் பெயரைப் போட்டுவரும் போலிகளுக்கு.

கடைசியாக ஒன்று. முப்பது வருடம் இன்ஜின் சூட்டில் வெந்த பிளாஸ்டிக் கனெக்டர், கழற்றும்போதே பிஸ்கட்போல் உதிரும். சென்சார் வாங்கும் அன்றே புதுக் கனெக்டர் உறையையும் ஊசிகளையும் சேர்த்து வாங்கிவிட்டால், பாதி வேலையில் காரை நிறுத்திவைக்க நேராது.