வண்ணமீன் தொட்டிக்கு ஏற்ற ஹீட்டர்

கண்ணாடித் தொட்டியில் அழகு மீன் வளர்ப்பது பட்டணத்துச் செல்வர்களின் பொழுதுபோக்கு என்ற எண்ணம் நம் கிராமங்களில் இன்னும் முற்றிலும் நீங்கவில்லை. ஆயினும் கப்பி, மோலி, ஏஞ்சல், ஃபைட்டர் முதலிய மீன்கள் இன்று குடிசைத் தொழிலுக்குரிய சரக்காகிவிட்டன. சென்னையைச் சேர்ந்த கொளத்தூர் இவ்வியாபாரத்தினாலேயே பெயர் பெற்ற ஊராகும். மத்திய அரசாங்கம் 2020ஆம் ஆண்டில் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில், வீட்டுப் புறக்கடையில் அமைக்கும் வண்ணமீன் அலகு ஒன்றுக்கு 3 லட்சம் ரூபாய் என மதிப்பிட்டு, பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், பெண்களுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் 60 சதவீதமும் உதவித் தொகையாக ஒதுக்கப்பட்டது. இத்தொழிலைக் குறித்து விசாரிக்க வரும் குடியானவர்களும் மகளிர் குழுவினரும் தவறாமல் கேட்பது, "ஹீட்டர் எத்தனை வாட் வாங்கலாம்?" என்பதாகும்.

இக்கேள்விக்கு விடை எளிது. ஆனால் அதற்கு முன்பு நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் இரண்டு உண்டு. நம் தொட்டிக்கு ஹீட்டர் வேண்டுமா என்பது ஒன்று. அது பழுதுபட்டால் என்ன நேரும் என்பது மற்றொன்று. கடைக்காரர் இவ்விரண்டையும் நமக்காகக் கேட்கமாட்டார்.

தொட்டிக்கு உஷ்ணமூட்டும் வழக்கம் குளிர்தேசங்களில் பிறந்தது. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் ஐரோப்பியர்கள் தொட்டியின் அடியில் கற்பலகையை அமைத்து, அதன் கீழே விளக்கை ஏற்றி நீரைக் காய்ச்சினார்கள். இன்று பெட்டியின் மேல் அச்சிட்டு வரும் கணக்கும் பெரும்பாலும் அத்தகைய நாடுகளின் குளிர்காலத்தை எண்ணி எழுதப்பட்டதே. கொடைக்கானல்வாசிகளுக்கு அக்கணக்குப் பொருந்தலாம். சிறுமலைக்கும் பழனி மலைக்கும் இடைப்பட்ட நமது சமவெளியின் நிலைமை வேறு. இங்கே ஆண்டின் பெரும்பகுதியில் தொட்டி நீர் தானாகவே 26, 28 டிகிரி சென்டிகிரேடுக்குக் குறையாது. சித்திரை, வைகாசியில் நீரைக் குளிர வைப்பதே பெரும்பாடாகிவிடுகிறது. மார்கழியிலும் தையிலும் மட்டும், பகலில் வெயில் காய்ந்து, இரவில் காற்றின் உஷ்ணம் 20 டிகிரிக்கு அருகில் இறங்குகிறது. மீனுக்குக் கெடுதல் செய்வது குளிரைக்காட்டிலும் இந்த ஏற்ற இறக்கமே. சிறிய கண்ணாடித் தொட்டி பகலில் சூடேறி விடியற்காலையில் குளிர்ந்துபோகும்போது மீனின் எதிர்ப்புச் சக்தி குன்றுகிறது. உப்புத் தூவியதுபோன்ற வெள்ளைப் புள்ளிகள் உடலில் தோன்றும் நோய் அப்போதுதான் நுழைகிறது.

ஆகையால் முதலில் வாங்க வேண்டியது ஹீட்டர் அன்று, உஷ்ணமானி. மார்கழி மாதத்தில் ஒரு வாரம், காலை 6 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் தொட்டி நீரின் உஷ்ணத்தைப் பார்த்து ஒரு நோட்டில் குறித்துவர வேண்டும். காலை அளவு 24 டிகிரிக்குக் குறையாமலும், இரண்டு அளவுகளுக்கும் இடையே மூன்று டிகிரிக்கு மேல் வேறுபாடு இல்லாமலும் இருந்தால், கப்பி, மோலி வளர்ப்போர் ஹீட்டருக்காக ஒரு காசும் செலவிட வேண்டுவதில்லை. தங்கமீன் குளிர்ந்த நீரில் வாழும் இனமாதலால் அதற்கு ஹீட்டர் என்ற பேச்சே எழாது. ஏஞ்சல், ஃபைட்டர் ஆகியவற்றுக்கு 25 முதல் 28 டிகிரி வரை வேண்டும். டிஸ்கஸ் மீனுக்கு 28 முதல் 30 வரை இருந்தால் நலம். குஞ்சு பொரிக்கும் தொட்டிகளுக்கும், வெளியூரிலிருந்து வந்த மீன்களைத் தனித்து வைத்துப் பார்க்கும் தொட்டிகளுக்கும் நிலையான உஷ்ணம் அவசியம்.

சிமெண்டுத் தொட்டி வைத்திருப்பவர்கள் கணக்கைப் பார்த்த பிறகே ஹீட்டரை நினைக்க வேண்டும். 1,000 லிட்டர் நீரை 5 டிகிரி உயர்த்துவதற்கு ஏறத்தாழ 6 யூனிட் மின்சாரம் செலவாகும். நீரும் அவ்வெப்பத்தை இரவு முழுவதும் வெளியே விட்டுக்கொண்டிருக்கும். இத்தகைய தொட்டிகளுக்கு மாலையில் பாலிதீன் விரிப்பைப் போர்த்திக் காலையில் எடுப்பதே உசிதம். கண்ணாடித் தொட்டிக்கும் மூடியிட்டு, அடியிலும் பின்புறத்திலும் தெர்மாகோல் அட்டை வைத்தால் பாதி வேலை முடிந்துவிடும். ஆழ்துளைக் கிணற்று நீர் மார்கழிக் காலையில் வெதுவெதுப்பாக இருப்பது நம் விவசாயிகள் அறிந்ததே. பூமிக்குள் இருக்கும் நீர் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒரே உஷ்ணத்தில் இருப்பது அதற்குக் காரணம். தொட்டி நீரை மாற்றுகையில், இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த மேல்நிலைத் தொட்டி நீரை அப்படியே ஊற்றுவதைவிட, கிணற்று நீரைப் பிடித்துச் சிறிது நேரம் காற்றடித்து, உஷ்ணமானியால் அளந்து ஊற்றுவது நன்று.

இவ்வளவுக்குப் பிறகும் ஹீட்டர் தேவை என்று கண்டால், அதன் அளவைத் தீர்மானிக்கலாம். ஒரு கன அடி நீர் ஏறத்தாழ 28 லிட்டர். 2 அடி நீளமும், ஓரடி அகலமும், ஓரடி உயரமும் உள்ள தொட்டியில், மணலையும் மேலே விட்ட இடத்தையும் கழித்தால், 50 லிட்டர் நீர் இருக்கும். லிட்டருக்கு ஒரு வாட் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. நம் சமவெளியில், வீட்டுக்குள் மூடியிட்டு வைத்த தொட்டிக்கு இதற்குமேல் வேண்டாம். முக்கால் பங்கே போதுமான இடங்களும் உண்டு. சாயங்காலத்தில் வெதுவெதுப்பாக இருக்கும் நீரை இறங்கவிடாமல் பிடித்து வைப்பதுதானே இங்கே ஹீட்டரின் வேலை! குளிர்ந்த நீரைக் காய்ச்சும் வேலை அதற்கு இல்லை. கிராமங்களில் மின்சார அழுத்தம் குறைவதையும் கருத வேண்டும். 230 வோல்ட்டில் 100 வாட் தரும் ஹீட்டர், 180 வோல்ட்டில் சுமார் 61 வாட்தான் தரும். எப்போதும் அழுத்தம் குறைந்திருக்கும் ஊர்களில் மட்டும் ஒரு படி பெரிதாக வாங்கலாம். செலவும் அதிகமன்று. 100 வாட் ஹீட்டர் 12 மணி நேர இரவில் பாதி நேரம் எரிந்தால் 0.6 யூனிட், முப்பது நாளுக்கு 18 யூனிட்.

இனி இரண்டாவது கேள்வி. திண்டுக்கல் பூட்டுக்கு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. பூட்டின் தரம் சொந்தச் சாவிக்குத் திறப்பதில் தெரிவதில்லை. வேற்றுச் சாவியை நுழைக்கும்போது தெரியும் என்பதை நம் ஊரார்க்குச் சொல்ல வேண்டியதில்லை. ஹீட்டரின் நம்பகத்தையும் இவ்வாறே பார்க்க வேண்டும். அதனுள் இருக்கும் தெர்மோஸ்டாட்டில் இரு உலோகங்களை ஒட்டிய தகடு ஒன்று உண்டு. சூடேறினால் அது வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்கும். குளிர்ந்தால் நிமிர்ந்து மீண்டும் சேர்க்கும். சேரும் போதும் பிரியும் போதும் சிறு தீப்பொறி பறக்கிறது. நாளடைவில் அம்முனைகள் கருகி ஒட்டிக்கொண்டால் ஹீட்டர் நிற்காமல் எரியும். 50 லிட்டர் தொட்டியில் 300 வாட் ஹீட்டர் இவ்வாறு ஒட்டிக்கொண்டால், நீரின் உஷ்ணம் மணிக்கு 5 டிகிரி வீதம் ஏறத் தொடங்கும்; நள்ளிரவில் கெட்டால் விடிவதற்குள் மீன்கள் அனைத்தும் மாண்டு மிதக்கும். அதே தொட்டியில் 50 வாட் ஹீட்டர் ஒட்டிக்கொண்டால் மணிக்கு ஒரு டிகிரிகூட ஏறாது. காலையில் உஷ்ணமானியைப் பார்ப்பவர் கண்டுபிடித்து நிறுத்திவிடலாம். "பெரிதாக வாங்கினால் பின்னால் உதவும்" என்னும் யோசனை மோட்டாருக்குச் சரியாகலாம். மீன் தொட்டிக்குச் சரிப்படாது.

100 வாட் தேவைப்படும் தொட்டிக்கு 50 வாட் ஹீட்டர் இரண்டை இரு முனைகளில் வைப்பது புத்திசாலித்தனம். ஒன்று எரியாமல் போனாலும் மற்றொன்று ஓரளவு தாங்கும். ஒன்று ஒட்டிக்கொண்டாலும் தனியே நின்று கேடு செய்ய அதற்கு வலு இராது. இவற்றுக்கு மேலாகத் தனி மின்னணு வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்றை இணைத்து, ஹீட்டரை 26 டிகிரிக்கும் கருவியை 27 டிகிரிக்கும் வைத்தால், ஹீட்டர் நிற்கத் தவறினாலும் கருவி நிறுத்திவிடும். அதற்கும் வசதியில்லாதோர், இரவு 8 மணி முதல் காலை 8 மணி வரை மட்டும் மின்சாரம் விடும் டைமர் ஸ்விட்சைப் பொருத்தலாம். பகலில் நமக்கு ஹீட்டரே வேண்டாமல்லவா?

சிலர் வாளியில் வெந்நீர் போடும் ஹீட்டர் கம்பியையே தொட்டியில் தொங்கவிடலாம் என்று எண்ணுகிறார்கள். இதை நாம் வன்மையாகத் தடுக்க விரும்புகிறோம். 1,000 வாட்டும் அதற்கு மேலும் உள்ள அக்கம்பியில் தானே நிற்கும் அமைப்பு இல்லாதவை மிகுதி. மீன் போவது ஒருபுறமிருக்க, ஆளே போய்விடக்கூடும். திண்டுக்கல் சுற்றுவட்டாரக் கிணறுகள் பலவற்றில் நீர் உப்பாகவும் கடினமாகவும் இருக்கிறது. உப்பு நீர் மின்சாரத்தை நன்கு கடத்தும். தொட்டியைச் சுத்தம் செய்ய வீட்டுப் பெண்களும் குழந்தைகளும் ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று கையை விடுகிறார்கள் என்பதை மறக்கலாகாது. எனவே மீன் தொட்டிக்கென்றே செய்த, முழுவதும் நீரில் மூழ்கும் ஹீட்டரையே வாங்க வேண்டும். அதன் மின்னிணைப்பு 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. வழியாக வர வேண்டும். நல்ல எர்த்தும் இருக்க வேண்டும். எத்தனை நல்ல ஹீட்டராயினும், தொட்டிக்குள் கை வைக்கு முன் பிளக்கைப் பிடுங்குவது வீட்டுச் சட்டமாக இருக்கட்டும். பயிற்சி முகாம் கூட்டும் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் மீனைப் பற்றிப் பேச ஒருவரை அழைக்கும்போது உரிமம் பெற்ற மின்பணியாளர் ஒருவரையும் அழைப்பது நன்மை பயக்கும். பம்புசெட்டுக்கான இலவச மின்சாரத்திலிருந்து இழுத்துத் தொட்டிக்கு விடுவது விதிக்கு மாறானது. தொழிலாகச் செய்வோர் எந்த இணைப்புப் பெற வேண்டும் என்பதை மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் முன்னதாகவே கேட்டறிய வேண்டும்.

வாங்கி வந்த ஹீட்டரை உடனே மீனிடம் விடாமல், ஒரு நாள் பிளாஸ்டிக் வாளி நீரில் வைத்துச் சோதிக்க வேண்டும். அதன் தலையில் குறித்துள்ள எண்ணை அப்படியே நம்புவதற்கில்லை. 26இல் வைத்தது 28இல் நிற்பதும் உண்டு. உஷ்ணமானி காட்டுவதற்கேற்பத் திருப்பிக்கொள்ள வேண்டும். தொட்டியில் அதைக் காற்றுக் குமிழோ வடிகட்டியின் நீரோட்டமோ படும் இடத்தில், அடிப்பாகத்தில், சாய்வாகவோ படுக்கையாகவோ ரப்பர் பிடிப்புகளால் பொருத்தலாம். மணலில் புதையக் கூடாது. உஷ்ணமானியை எதிர்முனையில் வைத்தால்தான் உண்மை தெரியும். நீரில் இறக்கி அரை மணி கழித்தே மின்சாரம் விட வேண்டும். நீர் மாற்றும்போதும் நிறுத்தி அரை மணி ஆறவிட வேண்டும். சூடான கண்ணாடியில் குளிர்ந்த நீரோ காற்றோ பட்டால் வெடித்துவிடும். கம்பியைப் பிளக்குக்கு நேராக இழுக்காமல், நடுவில் தாழத் தொங்கவிட்டுப் பிறகு மேலேற்றிச் செருகினால், கம்பி வழியே வழியும் நீர் தாழ்ந்த இடத்தில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது.

மின்தடையின் போது ஹீட்டரை இன்வெர்ட்டரில் ஓட்ட வேண்டாம். போர்வையால் தொட்டியைச் சுற்றிவிட்டு, இன்வெர்ட்டரின் சக்தியைக் காற்று மோட்டாருக்குக் கொடுப்பதே முறை.

வெள்ளைப்புள்ளி நோய் கண்டபோது ஹீட்டர் மருந்துக்குத் துணை செய்கிறது. உஷ்ணம் ஏறினால் அக்கிருமியின் வாழ்க்கைச் சுற்று விரைகிறது. அது மீனைவிட்டு நீரில் நீந்தும் பருவம் சீக்கிரம் வருகிறது. மருந்து அதை அப்பருவத்தில்தான் கொல்லும். மணிக்கு ஒரு டிகிரிக்கு மேற்படாமல் மெல்ல ஏற்றி, 30 டிகிரியில் ஒரு வாரம் முதல் பத்து நாள் வைக்கலாம். ஆனால் சூடான நீரில் பிராணவாயு குறைவாகவே கரையும். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் வரை கரைவது, 30 டிகிரியில் ஏழரையாகக் குறைகிறது. காற்றடிப்பதைக் கூட்டாமல் உஷ்ணத்தை மட்டும் கூட்டினால், நோய்க்குத் தப்பிய மீன் மூச்சுக்குத் தப்பாது.

நமது கடின நீரில் ஹீட்டரின் மேல் வெண்மையான உப்புப் படிவு விரைவில் ஏறும். அது வெப்பத்தை நீருக்குப் போகவிடாமல் தடுத்துக் கண்ணாடியைக் கீறச் செய்யும். மாதம் ஒருமுறை பிளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டு எடுத்து, எலுமிச்சைச் சாறு தோய்த்த துணியால் தேய்த்துக் கழுவினால் படிவு கரைந்துவிடும். கண்ணாடியில் கீறலோ உள்ளே ஈரமோ தென்பட்டால் அதைப் பழுதுபார்க்க முயலாமல் எறிந்துவிட வேண்டும். மாசி முடிந்ததும் ஹீட்டரைத் தொட்டியிலிருந்து எடுத்து, துடைத்து, உலர்த்தி, வாங்கிய தேதியையும் அது உண்மையில் நின்ற டிகிரியையும் ஒரு சீட்டில் எழுதிப் பெட்டியில் வைத்துவிடலாம். அடுத்த கார்த்திகையில் மீண்டும் ஒரு நாள் வாளி நீரில் சோதித்த பிறகே தொட்டியில் இறக்க வேண்டும்.