திரும்பி வராத படிவங்கள்

அன்புள்ள தம்பி,

டோனி மாரிசனின் 'பிலவட்' நாவலைப் பாடமாக வைக்கப் பன்னிரண்டாம் வகுப்புப் பெற்றோரின் சம்மதம் கேட்டு நீ எழுதிய கடிதத்தைப் படித்தேன். பிழை இல்லை, மரியாதைக்கும் குறைவில்லை. ஆனாலும் படித்து முடித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது.

அந்தக் கடைசி வரியைச் சொல்கிறேன். கையெழுத்துப் போட்ட படிவம் வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் உங்கள் பிள்ளைக்கு வேறு புத்தகம் தரப்படும் என்று எழுதியிருக்கிறாயே, இதை யார் எழுதச் சொன்னது? வர்ஜீனியாவில் 2022-இல் வந்த சட்டம், பாலியல் வெளிப்படையாக வரும் பாடம் எது என்று குறிப்பிட்டுப் பெற்றோருக்குத் தெரிவி என்கிறது. வேண்டாம் என்று கேட்கிற பெற்றோரின் பிள்ளைக்கு மாற்று கொடு என்கிறது. கல்வித்துறையின் மாதிரி விதிமுறை, 30 நாள் முன்பே எழுத்தில் தெரிவிக்கச் சொல்கிறது. அவ்வளவுதான். கையெழுத்து வாங்கு என்று எங்கே இருக்கிறது? புத்தகங்களைத் தணிக்கை செய்யச் சொல்வதாக இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது என்றுகூட அந்தச் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

பதிலே சொல்லாத பெற்றோரை என்ன செய்வது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தெரிவித்ததோடு விட்டால், அவர் பிள்ளை புத்தகத்தைப் படிக்கும். சம்மதம் கேட்டுவிட்டால், அதே பிள்ளை படிக்காது. எதிர்க்கிற பெற்றோர் உன் படிவத்துக்காகக் காத்திருக்க மாட்டார். கடிதம் கிடைத்த அன்றே முதல்வருக்குப் போன் போடுவார். படிவம் திரும்பி வராத வீடு வேறு. இரவு ஷிப்ட் பார்க்கும் அம்மா, ஆங்கிலத்தில் வரும் எந்தக் காகிதத்தையும் மகனிடமே கொடுத்து என்னடா இது என்று கேட்கும் அப்பா, பையின் அடியில் கால்பந்து ஷூவுக்குக் கீழே நாலாய் மடங்கிக் கிடக்கும் உன் கடிதம். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் ஒரு வருடம் இப்படித்தான் சம்மதப் படிவம் வைத்தார்கள். அந்த வகுப்பிலேயே நன்றாக வாசிக்கிற பெண், நூலகத்தில் தனியாக வேறொரு புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். அவள் அம்மா இரவில் அலுவலகங்களைத் துப்புரவு செய்கிறவர். அந்த வீட்டில் யாரும் எதையும் மறுக்கவில்லை. படிவத்தை யாரும் பார்க்கவே இல்லை.

அடுத்தது, அந்தப் பக்க எண்கள். எந்தெந்தப் பக்கத்தில் என்ன வருகிறது என்று அட்டவணை போட்டிருக்கிறாய். சட்டம் நூலையும் அதில் வரும் பாலியல் விஷயங்களையும் குறிப்பிடச் சொல்கிறது, பக்க எண்களைக் கேட்கவில்லை. நீ வேறெதையும் சொல்லாமல் பக்கங்களை மட்டும் சொல்லியிருக்கிறாய். உன் கடிதத்தை இரண்டு தடவை தேடிப் பார்த்தேன், அடிமைமுறை என்ற சொல் ஓரிடத்தில்கூட இல்லை. 'முதிர்ச்சியான உள்ளடக்கம்' மூன்று இடத்தில் இருக்கிறது. 1856 ஜனவரியில் கென்டக்கியிலிருந்து குடும்பத்தோடு ஒஹையோ ஆற்றைத் தாண்டி சின்சினாட்டிக்கு ஓடிவந்த மார்கரெட் கார்னர், பிடிக்க வந்தவர்கள் வீட்டைச் சூழ்ந்ததும் தன் சின்ன மகளைக் கொன்றாள். திரும்ப அடிமையாகப் போவதைவிட அது மேல் என்று. அந்தச் செய்தியிலிருந்துதான் 1987-இல் இந்த நாவல் வந்தது. அடுத்த வருடம் புலிட்சர் பரிசும் பெற்றது. இதைச் சொல்லாமல் பக்க எண்ணைக் கொடுத்தால் பெற்றோர் என்ன நினைப்பார்?

அந்த நாவலில் 'பள்ளி ஆசிரியர்' என்று மட்டுமே அழைக்கப்படும் ஒருவன் வருகிறான், நினைவிருக்கிறதா? நாயகி சேத்தின் மனித குணங்களை ஒரு பக்கமும் மிருக குணங்களை இன்னொரு பக்கமும் எழுதச் சொல்லித் தன் மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறவன். அவன் எழுதுகிற மையைக் கலக்கிக் கொடுப்பதும் அவளேதான். அவளை இரண்டு பேர் பிடித்து வைத்துப் பாலைத் திருடும்போது, அவன் பார்த்துக் குறிப்பெடுக்கிறான். மற்ற எவர் அட்டவணை போட்டாலும் பொறுத்துக்கொள்வேன். இந்த நாவலைக் கற்பிக்கிறவன் போடலாமா?

உன் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. எல்லாம் ஃபேர்ஃபாக்ஸில் ஒரு தாய் இந்த நாவலை எதிர்த்ததில் தொடங்கியது. பெற்றோருக்குத் தெரிவிக்கச் சொல்லும் மசோதாவாக 2016-இல் சட்டமன்றம் வரை போனது. ஆளுநர் மெக்காலிஃப் அந்த மசோதாவை நிராகரித்தார். அதை மீறி நிறைவேற்ற முயன்றபோது கீழவையில் ஒரே ஒரு வாக்குக் குறைந்தது. அடுத்த வருடம் மறுபடி வந்தது, மறுபடி நிராகரித்தார். 2021 தேர்தலில் அவரை எதிர்த்து நின்ற யங்கின், அதே தாயைத் தன் விளம்பரத்தில் பேச வைத்து வென்றார். அந்த விளம்பரத்தில் நாவலின் பெயரே வரவில்லை என்பதைக் கவனி. மாரிசனின் பெயரும் இல்லை. பெயர் சொன்னால் யாராவது எடுத்துப் படித்துவிடுவார்களே!

பெற்றோரை எதிரியாக நினைக்கிறவள் இல்லை நான். ஒரு பெற்றோர் மாலையில் நம்மூர் அப்பா ஒருவர் வந்தார், மென்பொருள் வேலை. "இதிலேர்ந்து கேள்வி வருமா மேடம்?" என்பதுதான் அவருடைய ஒரே கவலை. ஏ.பி. என்ற கல்லூரி நிலை இலக்கியத் தேர்வின் மூன்றாவது கட்டுரைக்கான நூல் பட்டியலில் பல வருடம் வந்திருக்கிறது என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. சில வாரம் கழித்துப் போன் செய்தார். மகள் சமையலறை மேசையில் விட்டுப் போன புத்தகத்தை எடுத்துப் படித்திருக்கிறார். பெற்ற பிள்ளையை எப்படி மேடம், என்று கத்தினார். பின்னாலிருந்து அவர் மனைவி, "அவ நிலைமையில நீங்க இருந்தா தெரியும்" என்கிறார். என்னை மறந்துவிட்டு இருவரும் சண்டை போட்டார்கள். நான் ரிசீவரைக் காதில் வைத்தபடி சாப்பிட்டு முடித்தேன். அவ்வளவு நல்ல வகுப்பு என் பள்ளியில் நடந்ததில்லை.

அதனால்தான் உன் நாலாவது பத்தியைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தேன். வியாழக்கிழமை மாலைகளில் நூலகத்தில் இருப்பேன், வருகிற பெற்றோரோடு முதல் அத்தியாயத்தைச் சேர்ந்து வாசிப்பேன் என்று எழுதியிருக்கிறாய். அபாரம்! இத்தனை வருடத்தில் இது எனக்குத் தோன்றவில்லை, என்னோடு வேலை பார்த்த எவருக்கும் தோன்றவில்லை. இந்த ஒரு வரிக்காக உன்னை நல்ல ஆசிரியன் என்று யாரிடமும் சொல்வேன். அதைப் போய் அட்டவணைக்குக் கீழே, சின்ன எழுத்தில் ஒளித்து வைத்திருக்கிறாயே!

மாற்று நூலாக நீ வைத்திருப்பதையும் மாற்று. எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒரே இரவில் முடித்துவிடும் புத்தகம் அது. மறுக்கும் வீட்டுப் பிள்ளைக்குத் தண்டனை மாதிரி இருக்கிறது. ஆகஸ்ட் வில்சனின் 'தி பியானோ லெசன்' நாடகத்தைப் பார். அதிலும் ஆவி உண்டு, அடிமைக் காலத்தை மறக்க முடியாத குடும்பம் உண்டு. 1990-இல் புலிட்சர் வாங்கியது. அந்தப் பிள்ளை வகுப்பிலேயே உட்கார்ந்து, அதே கேள்விகளுக்கு அந்த நாடகத்திலிருந்து பதில் சொல்லட்டும். நூலகத்துக்கு அனுப்பாதே.

கடைசி வரியை அடித்துவிடு. அட்டவணையை எடுத்துவிட்டு, பாலியல் வன்முறைக் காட்சிகள் இருக்கின்றன, அவை அடிமைமுறை செய்தவை என்று நேராகச் சொல். வியாழக்கிழமையை முதல் பத்திக்குக் கொண்டு வா. முதல்வரிடம் கொடுக்கும் முன்பு எனக்கு ஒரு பிரதி அனுப்பு.

அன்புடன்,
அக்கா