உறைந்த ஏரியில் ஒரு ஸ்டீரியோ செட்



மின்னசோட்டாவில் கார் ஸ்டீரியோ பொருத்தும் தொழில் பழகுகிறவர்களைத் தேடி, குளிர்காலம் வந்தால் ஒரு புதுவகை வாடிக்கையாளர் வருவார். அவருக்குச் செட் மாட்ட வேண்டியது காரில் அல்ல, ஏரிமேல் நிற்கப்போகும் மீன்பிடிக் குடிலில். மில் லாக்ஸ், லேக் ஆஃப் த வுட்ஸ், ரெட் லேக் போன்ற ஏரிகள் உறைந்ததும் அவற்றின்மேல் ஆயிரக்கணக்கில் முளைக்கும் இந்தக் குடில்களை அங்கே ‘ஃபிஷ் ஹவுஸ்’ என்பார்கள். சில வெறும் பிளைவுட் பெட்டிகள். சில கட்டில், அடுப்பு, ஹீட்டரோடு சக்கரத்தில் உருண்டு வருபவை. எதுவானாலும் தரையில் வட்டமான திறப்பு இருக்கும். அதற்கு நேர்கீழே பனிக்கட்டியில் போட்ட துளை வழியாகத் தூண்டில் இறங்கும்.

உனக்கு இப்படி முதல் வேலை வந்திருக்கிறது என்றால் சந்தோஷம். ஆனால் காரில் பழகிய கை குடிலில் அப்படியே செல்லாது. ஓடும்போதே பேட்டரியை நிரப்பும் ஆல்டர்னேட்டர், எந்த மூலையிலும் கிடைக்கும் பாடி எர்த், இறங்கும்போது எல்லாவற்றையும் அணைக்கும் சாவி என்று கார் மூன்று வசதிகளைக் கேட்காமலே தருகிறது. குடிலில் மூன்றும் கிடையாது.

சாவியிலிருந்து ஆரம்பிக்கலாம். செட்டின் பின்னால் மஞ்சள் ஒயர் எப்போதும் 12 வோல்ட் கேட்கும். கடிகாரமும் பதிந்து வைத்த ஸ்டேஷன்களும் அதை நம்பித்தான் இருக்கின்றன. சிவப்பு ஒயர் சாவி போட்டால் மட்டும் உயிர்பெறுவது. சாவி இல்லாத இடத்தில் பலர் இரண்டையும் ஒன்றாக முறுக்கி பேட்டரியில் கொடுத்துவிடுகிறார்கள். பாட்டு வரும், சந்தேகமில்லை. ஆனால் வாரக் கடைசியில் மட்டும் ஆள் வரும் குடிலில், மற்ற நாளெல்லாம் செட் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சிவப்புக்குக் கதவருகே ஒரு சுவிட்ச் வை. பேட்டரிக்கு ஒரு மெயின் சுவிட்ச் வை. ஸ்டேஷன் அழிந்தால் மறுபடி பதிந்துகொள்ளலாம். காலியான பேட்டரி இருட்டில் விளக்கையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. முழுச் சார்ஜில் இருக்கும் ஈய அமில பேட்டரி மைனஸ் 50 டிகிரி செல்சியஸிலும் உறையாது. அதுவே தீர்ந்துபோனால் பூஜ்யத்துக்குச் சில டிகிரி கீழே போனாலே உள்ளே கட்டி தட்டி, பெட்டியே விரிந்து வெடிப்பு விடும். முழுச் சார்ஜிலும்கூட மைனஸ் 18-ல் அதன் கொள்ளளவில் ஏறக்குறைய பாதிதான் கைக்கு வரும். 100 ஆம்பியர்-மணி என்று ஸ்டிக்கரில் இருப்பதை நம்பிக் கணக்குப் போடாதே. பேட்டரியைத் தரையில் வைக்காமல் பலகை போட்டு உயர்த்தி, காற்றோட்டமுள்ள பெட்டியில் வை. எடை குறைவு என்று லித்தியம் அயன் பாஸ்பேட் கேட்கிறவர்களிடம், பூஜ்யத்துக்குக் கீழே அதைச் சார்ஜ் பண்ணக் கூடாது என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பண்ணினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து செல் நிரந்தரமாகக் கெட்டுவிடும்.

அடுத்தது எர்த். காரில் கறுப்பு ஒயரை ஒரு போல்ட்டில் மாட்டினால் முடிந்தது. மரச்சுவரில் அடித்த ஆணி எங்கும் போய்ச் சேராது. கறுப்பு ஒயர் பேட்டரியின் நெகட்டிவ் வரை தனியாகப் போகவேண்டும், மஞ்சளுக்குக் குறையாத தடிமனில். பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு முழத்துக்குள் ஃபியூஸ் வந்துவிட வேண்டும். செட்டுக்குப் பின்னால் இருக்கும் ஃபியூஸ் செட்டைத்தான் காக்கும். நடுவழியில் ஒயர் உரசி ஷார்ட்டானால் பிளைவுட் சுவரை அது காக்காது. ஸ்பீக்கரின் மைனஸ் ஒயர்களை ஒன்றாகச் சேர்த்து எர்த்தில் கொடுக்கும் பழக்கமும் வேண்டாம். இன்றைய செட்டுகளில் ஸ்பீக்கரின் இரண்டு முனையிலும் மின்னழுத்தம் உண்டு, ஒன்றை எர்த் செய்தால் உள்ளிருக்கும் ஐ.சி. போய்விடும்.

அட்டைப்பெட்டியில் நாலு ஸ்பீக்கருக்கும் தலா 50 வாட் என்று போட்டிருப்பது உச்சக் கணக்கு. தொடர்ந்து கிடைப்பது அதில் பாதிகூட இல்லை. இன்ஜின் ஓடாத இடத்தில் 14 வோல்ட்டுக்குப் பதிலாக 12 சொச்சம்தான் வருவதால் இன்னும் குறையும். அந்தச் சிறிய அறைக்கு அதுவே தாராளம்.

ஈரத்தைப் பற்றிப் புதியவர்கள் நினைப்பதே இல்லை. ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஒரு கிலோ அறுநூறு கிராம் அளவுக்குத் தண்ணீர் ஆவியாக வெளிவருகிறது. புகைபோக்கி இல்லாத ஹீட்டர் என்றால் அத்தனையும் அறைக்குள்ளேதான். உறைந்து கிடந்த செட்டின் முகப்பில் அது முத்து முத்தாகக் கோக்கும். உள்ளேயிருக்கும் சர்க்யூட் போர்டிலும் அப்படித்தான். ஹீட்டர் போட்டு அறை நன்றாகச் சூடேறி, ஈரம் காய்ந்த பிறகே சுவிட்சைத் தட்டச் சொல். காகிதக் கூம்பு ஸ்பீக்கர் சீக்கிரம் ஊறித் தளர்ந்துவிடும். படகுக்கென்று விற்கும் பிளாஸ்டிக் கூம்பு வகையை வாங்கவை, விலை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை.

ஸ்பீக்கரைச் சுவரின் மேல்பகுதியில், அடியில் ரப்பர் கொடுத்து மாட்டு. காற்றில் வரும் ஒலியில் பெரும்பகுதி தண்ணீரைத் தொட்டதும் திரும்பிவிடும். ஆயிரத்தில் ஒரு பங்கு உள்ளே போனால் அதிகம். ஆனால் தரையில் வைத்த சப்வூஃபரின் அதிர்வு பலகை வழியாகப் பனிக்கட்டிக்கும், அங்கிருந்து தண்ணீருக்கும் நேராக இறங்கும். மீனின் பக்கவாட்டுக் கோடு உணர்வது இப்படிப்பட்ட தாழ்ந்த அதிர்வைத்தான். சப்வூஃபர் கேட்டு அடம்பிடிப்பவரிடம் இதைச் சொன்னால் பேச்சு அதோடு நின்றுவிடும்.

எல்லாவற்றையும்விட மனதில் ஆழமாகப் பதிய வேண்டியது இது: குடிலுக்குள் இருப்பவர் காதை நம்பி வாழ்கிறார். சுவரில் ‘ராட்டில் ரீல்’ என்றொரு சுருள் இருக்கும். மீன் தூண்டில் நரம்பை இழுத்தால் அது சுழன்று, உள்ளே அடைத்த குண்டுகள் கலகலக்கும். படுத்திருப்பவரை எழுப்புவது அந்தச் சத்தம்தான். ஹீட்டர் சரியாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு சேர்ந்தால் அலாரம் அடிக்கும். அந்த அலாரத்துக்கான அமெரிக்கத் தர அளவு, மூன்று மீட்டர் தூரத்தில் 85 டெசிபல். சாதாரண கார் செட்டும் ஒரு ஜோடி ஸ்பீக்கரும் அருகில் 100 டெசிபலை எளிதாகத் தொடும். அப்புறம் அலாரம் யார் காதில் விழும்?

ஆகவே வேலை முடிந்ததும் வாடிக்கையாளரை உள்ளே உட்காரவைத்துப் பாட்டைப் போடு. அலாரத்தின் டெஸ்ட் பட்டனை அழுத்து, ரீலைக் கையால் சுழற்று. கட்டில் மூலையிலிருந்து இரண்டும் தெளிவாகக் கேட்கிற வால்யூம் எண்ணை அவரே சொல்லட்டும். அதற்குமேல் ஏறாதபடி மெனுவில் வரம்பு வைக்கிற வசதி இருந்தால் வைத்துவிடு. இல்லையென்றால் குமிழ் பக்கத்தில் எண்ணை எழுதி ஒட்டு.

முடிந்த மட்டும் குடில் கரையில் நிற்கும்போதே வேலையை முடித்துவிடுவது நல்லது. நடந்து போவதற்கே நாலு அங்குலப் பனி வேண்டும், நடுத்தர பிக்கப் டிரக் போக 13 அங்குலம் வேண்டும் என்கிறது மாநில இயற்கை வளத் துறை. அதுவும் தெளிந்த, கெட்டியான புதுப்பனிக்குச் சொன்ன கணக்கு. மார்ச்சில் அரசு குறித்த கெடுவுக்குள் குடிலை ஏரியிலிருந்து இழுத்தாக வேண்டும். அந்த அவசரத்தில் யாரும் ஸ்க்ரூ கழற்றிக்கொண்டு நிற்கமாட்டார்கள். செட், ஸ்பீக்கர், பேட்டரி மூன்றுக்கும் இழுத்தால் பிரியும் கனெக்டர் போட்டு, ஒவ்வொன்றிலும் பெயர்ச்சீட்டு ஒட்டிக் கொடு.