கூத்துமாடமும் கண்ணாடிப்பாயும்

மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்திற்குத் திறந்து கிடக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்று மட்டும் வருவதில்லை. கொங்கு நாட்டுக்கும் மலையாள நாட்டுக்கும் இடையே வணிகரும் நெசவாளரும் படைகளும் பல நூற்றாண்டுகளாக இவ்வழியே வந்து போயினர். சித்தூர் பகவதி கோயிலில் ஆண்டுதோறும் நடைபெறும் 'கொங்கன் படை' என்னும் விழா, கொங்கு நாட்டுப் படையெடுப்பு ஒன்றை இன்றும் நடித்துக் காட்டுகிறது. போரை விழாவாக மாற்றிக் கொண்ட இதே மக்கள், கணவாய்க்கு அப்பாலிருந்து வந்த கம்பனின் தமிழையும் தம் வழிபாட்டின் ஓர் அங்கமாக ஏற்றுக் கொண்டனர். தோல்பாவைக் கூத்து எனப்படும் நிழற்பாவைக் கலை அதன் விளைவாகும்.

பாலக்காடு மாவட்டத்திலும் அதை அடுத்த திருச்சூர், மலப்புறம் மாவட்டங்களின் சில பகுதிகளிலும் பத்திரகாளி கோயில்களின் முன்றிலில், சன்னதியை நோக்கியவாறு, கூத்துமாடம் என்னும் நிலையான அரங்கு அமைந்திருக்கும். அரங்கின் நீளம் மரபுப்படி 42 அடி. முன்புறம் மேலே வெண்துணியும் கீழே கருந்துணியும் கட்டப்படும். திரைக்குப் பின்னால் நீண்ட மரச்சட்டத்தின்மீது 21 தேங்காய் மூடிகளில் எண்ணெய் ஊற்றித் திரியேற்றுவர். விளக்குக்கும் திரைக்கும் இடையே பாவைகள் இயங்கும். ஷொறணூர் அருகே கவளப்பாறையிலுள்ள ஆரியங்காவுக் கோயிலில் இக்கூத்து 21 இரவுகள் நடைபெறுகிறது. ஏழு, பதினான்கு, நாற்பத்தொன்று, எழுபத்தொன்று நாள் என ஊர்தோறும் முறை வேறுபடும்.

பாடப்படுவது கம்பராமாயணம். பாடுவோர் மலையாளத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். பஞ்சவடிப் படலம் தொடங்கிப் பட்டாபிடேகம் வரையுள்ள கதையே பெரும்பாலான இடங்களில் ஆடப்படுகிறது. ஒரு பாடலைத் தமிழில் பாடியபின், தமிழும் மலையாளமும் வடமொழியும் கலந்த நடையில் அதற்கு விரிவுரை தொடரும். விரிவுரையில் இலக்கணம் வரும், புராணம் வரும், சோதிடமும் மருத்துவமும் கூட வரும். பாடல்களும் உரையும் அடங்கிய மரபுத் தொகுதிக்கு 'ஆடல்பற்று' என்று பெயர். இதை முழுமையாக மனத்தில் கொண்டவரே 'புலவர்' என்று மதிக்கப்படுகிறார். கைத்திறனைவிடக் கல்விக்கே இத்துறையில் முதலிடம் என்பதற்கு இப்பட்டமே சான்று.

பார்வையாளர் இல்லாத அரங்கு

வெளியூரிலிருந்து வருபவர்க்கு வியப்பளிப்பது வேறொன்று. இரவு பத்து மணியளவில் தொடங்கும் கூத்து விடியும்வரை நடக்கும். நள்ளிரவுக்குப் பின் முன்றிலில் ஒருவரும் இல்லாத நிலை பல ஊர்களில் வழக்கமானது. ஆயினும் விரிவுரை சுருக்கப்படுவதில்லை. தாரிகனோடு காளி போர் புரிந்து கொண்டிருந்தமையால் இராவண வதத்தைக் காணவில்லை என்றும், அக்குறை தீர ஆண்டுதோறும் அவள் முன் அதனை ஆடிக் காட்டுமாறு சிவபெருமான் பணித்தார் என்றும் மரபுக் கதை கூறுகிறது. எனவே காண வேண்டியவள் கோயிலினுள்ளேயே இருக்கிறாள். அமெரிக்க ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1996இல் வெளியிட்ட நூலில், காண்போர் இன்றி நடைபெறும் இந்நிகழ்த்துமுறையையே ஆய்வின் மையப் பொருளாகக் கொண்டார்.

பொருளாதார நோக்கில் இது வெறும் பக்திச் செய்தியன்று. கூத்துக்கான செலவை நுழைவுக் கட்டணம் ஈடு செய்வதில்லை. நேர்த்திக்கடனே ஈடு செய்கிறது. மகப்பேறு, நோய் நீக்கம், நல்விளைச்சல் ஆகியவற்றை வேண்டிக் குடும்பங்கள் ஒவ்வோர் இரவின் கூத்துக்கும் பொருள் அளிக்கின்றன. அந்தணர் உருவிலான 'பட்டர் பாவைகள்' திரையில் தோன்றி, அவ்வாறு அளித்தோரை வாழ்த்தும் பகுதி கூத்தின் தொடக்கத்திலேயே உண்டு. கோயிலிலிருந்து விளக்கு வருவதும் வெளிச்சப்பாடு எனும் அருளாளர் புலவருக்கு வாழ்த்துரைப்பதும் ஊரார் அளிக்கும் ஒப்புதலே எனலாம். முன்பு நிலவுடைமைக் குடும்பங்களும் கோயில் நிலங்களும் இச்செலவின் பெரும்பகுதியைத் தாங்கின. கேரளத்தில் 1970ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த நிலச் சீர்திருத்தத்துக்குப் பின் அந்த ஆதாரம் சுருங்கியது. குடியானவனுக்கு நிலம் கிடைத்தது நியாயமே. ஆனால் அந்நிலத்தின் வருவாயில் எரிந்த விளக்குகளுக்கு எண்ணெய் எங்கிருந்து வரும் என்பதைச் சட்டம் எண்ணிப் பார்க்க வேண்டிய கட்டாயம் இருக்கவில்லை. அச்சுமை ஊர்க் குழுக்களின்மீதும் சிறுசிறு காணிக்கைகளின்மீதும் இறங்கியது.

தமிழ்நாட்டின் நிழற்கூத்தோடு ஒப்பிட்டால் இதன் பொருள் விளங்கும். அங்கே மராத்தியைத் தாய்மொழியாகக் கொண்ட மண்டிகர் சமூகத்தார் குடும்பம் குடும்பமாக ஊர் ஊராகச் சென்று, கொட்டகை அமைத்து, கட்டணம் பெற்று ஆடினர். அவர்தம் பாவைகள் ஒளி ஊடுருவும் வண்ணப் பாவைகள், நகைச்சுவையும் மிகுதி. மக்களைக் கவர்வதில் பாலக்காட்டுக் கூத்தைவிட அது பன்மடங்கு வல்லது. ஆனால் திரைப்படக் கொட்டகை வந்தவுடன் கட்டணம் கொடுத்தவர்கள் அங்கே சென்று விட்டனர். காண்போரை நம்பியிருந்த கலை காண்போரை இழந்து நலிந்தது. காண்போரை நம்பாத கலை, மெலிந்தேனும், தன் நாட்காட்டியைக் காத்துக் கொண்டது.

மான் தோலும் மாற்றுப் பொருளும்

முழுக் கூத்துக்கு 160 முதல் 180 பாவைகள் வரை வேண்டும். நின்ற நிலை, அமர்ந்த நிலை, நடக்கும் நிலை, போர்புரியும் நிலை என ஒரே பாத்திரத்துக்குப் பல பாவைகள் உண்டு. தோலின் மயிர் நீக்கி, உலர்த்தி, உருவம் வரைந்து, சிற்றுளிகளால் அணிகலன்களையும் ஆடை மடிப்புகளையும் துளைகளாகவே செதுக்குவர். துளை வழியே வரும் ஒளிதான் திரையில் முத்தாகவும் சரிகையாகவும் தெரிகிறது. பிறகு பிளந்த மூங்கிற் குச்சியின் நடுவே பாவையைப் பொருத்துவர். பெரும்பாலும் ஒரு கை மட்டும் அசையும். இராமன் முதலிய முதன்மைப் பாத்திரங்களுக்கு மான் தோலே உகந்தது என்பது பழைய கொள்கை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் அது இயலாததாயிற்று. ஆட்டுத் தோலும் எருமைத் தோலும் அவ்விடத்தைப் பெற்றன. புதுத் தோலில் கை பழகக் கலைஞர்க்குக் காலம் பிடித்தது. காளிக்கு இதில் மறுப்பிருந்ததாகத் தெரியவில்லை.

கோயிலுக்கு வெளியே இக்கலையைக் கொணர்ந்த பெருமை கூனத்தறையைச் சேர்ந்த கிருஷ்ணன்குட்டிப் புலவரையே (1925–2000) பெரிதும் சாரும். சங்கீத நாடக அகாதமியின் விருது பெற்ற அவர் கூத்தை அயல்நாடுகளுக்கும் எடுத்துச் சென்றார். அவர் மகன் இராமச்சந்திரப் புலவர்க்கு 2021இல் பத்மஸ்ரீ விருது வழங்கப் பெற்றது. காந்தியடிகளின் வாழ்க்கை முதலிய புதிய கதைகள் பாவைகளாயின. அண்மை ஆண்டுகளில் பெண்கள் மட்டுமே அடங்கிய குழுவும் உருவாகி, ஆடவர்க்கே உரியதாக இருந்த அரங்கு மாறத் தொடங்கியுள்ளது. இயந்திரக் கைகளால் பாவைகளை அசைக்கும் முயற்சியும் நடந்தது. பாவையை அசைப்பது எளிய பகுதிதான் என்பதை அது தெளிவாக்கிற்று.

சிக்கல் இங்கேதான் எழுகிறது. அரசு விழாவும் பள்ளி நிகழ்ச்சியும் சுற்றுலா அரங்கும் வேண்டுவது ஒரு மணி நேரக் கூத்தை. அதற்குச் சில பாவைகளும் சில பாடல்களும் போதும். அதற்குரிய ஊதியம் ஓர் இரவு முழுவதும் கோயிலில் ஆடிப் பெறுவதைவிடப் பெரும்பாலும் மிகுதி. ஆகவே ஒரு மணி நேர நிகழ்ச்சிக்கு வேண்டிய அளவு மட்டும் கற்றுக் கொள்வதே இளைஞனுக்கு அறிவுடைமையாகத் தோன்றும். இருபத்தொரு இரவுக்கான கல்வி பல்லாண்டு உழைப்பைக் கோருவது. அதற்கெனத் தனியே விலை தரும் சந்தை எதுவுமில்லை. அதற்கு விலை தருவது ஊர்த் திருவிழா ஒன்றே. மேடைகளில் நிகழ்ச்சிகள் பெருகி, கலை வளர்வதாகக் கணக்கு காட்டும் அதே ஆண்டுகளில் ஆடல்பற்றை முழுதும் அறிந்தவர் தொகை குறையக்கூடும். நிகழ்ச்சிகளை எண்ணும் அறிக்கைகளில் இது புலப்படாது.

ஆகவே உதவி எங்கே சேர வேண்டும் என்பதில் தெளிவு தேவை. தஞ்சாவூரைத் தலைமையிடமாகக் கொண்ட தென்மண்டலக் கலாசார மையத்தின் எல்லைக்குள் கேரளமும் அடங்கும். குரு-சிஷ்ய முறையில் பயிற்சிக்கு உதவும் திட்டமும் மண்டல மையங்களிடம் உண்டு. பயிற்சிக் காலம் முடிந்ததும் கற்றவன் எத்தனை இரவுகள் தொடர்ந்து விரிவுரைக்க வல்லவன் என்பதை அளவுகோலாகக் கொண்டால் அதன் பயன் மிகும். மாடத்தின் கூரையைப் பழுது பார்ப்பதற்கும் திருவிழா இரவுகளுக்கும் ஊர்க் குழு திரட்டும் தொகைக்கு ஈடாக ஒரு பங்கு வழங்குவது, தலைநகரில் மற்றுமொரு கண்காட்சி நடத்துவதைவிடச் சிக்கனமானது.

ஏலமலையின் பாய்

பாலக்காட்டுக்குத் தெற்கே, இடையில் வேறு மாவட்டங்களைக் கடந்தால் இடுக்கி. இதுவும் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியதே. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு ஆகியவை இதன் வாயில்கள். கோவில்மலையில் அரசரைக் கொண்ட மன்னான் பழங்குடியினர், தம் முன்னோர் மதுரைப் பகுதியிலிருந்து வந்தோர் என்பர். அவர்கள் பேசும் மொழி தமிழுக்கு நெருங்கியது. அறுவடையையொட்டிய காலாவூட்டு விழாவில் அவர்கள் ஆடும் மன்னான் கூத்து கோவலன்–கண்ணகி கதையைக் கூறுவது. கணவாய் வழியே கம்பன் வந்தது போல, மலைப்பாதை வழியே கண்ணகி வந்தாள் போலும். எல்லையிலுள்ள மங்கலதேவி கோயில், பெரியாறு புலிகள் காப்பகத்தினுள் அமைந்திருப்பதால், ஆண்டில் சித்திரை முழுநிலா நாள் ஒன்றில் மட்டும் பொதுமக்களுக்குத் திறக்கப்படுகிறது. இரு மாநில நிர்வாகங்களும் கூடி அந்நாளை நடத்துகின்றன.

இப்பகுதியின் கைவினைப் பொருள்களில் தனிச் சிறப்புடையது கண்ணாடிப்பாய். ஊராளி, மன்னான், முதுவான் முதலிய பழங்குடியினர், மலையாளத்தில் 'ஈற்ற' எனப்படும் மென்மூங்கிலின் உட்புற மெல்லிழைகளைக் கொண்டு இதனை முடைகின்றனர். இழையின் பளபளப்பு கண்ணாடி போல ஒளி வீசுவதால் இப்பெயர். பாய் கோடையில் குளிர்ச்சி தரும். குளிரில் கதகதப்பாக இருக்கும். 2025இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கேரளப் பழங்குடிக் கைவினைப் பொருள்களில் இக்குறியீட்டைப் பெற்றது இதுவே முதலாவது. 2023இல் தொடங்கப்பட்ட பிரதமர் விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களுள் பாய் முடைதலும் இடம் பெற்றுள்ளது.

பாயின் நிலை கூத்தின் நிலைக்கு நேர்மாறானது. பாயை எடுத்துச் செல்லலாம், விற்கலாம். கொச்சியிலோ டில்லியிலோ வாங்குவோர் உண்டு. எனவே பெயரைக் காக்கும் சட்டமும் விற்பனை நிலையமும் கருவிக்கான கடனும் அதற்குப் பயன்படும். அதன் இடர் சந்தையில் இல்லை, காட்டில் உள்ளது. நல்ல இழை தரும் மூங்கில் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. முற்றாத தண்டைத் தேர்ந்து வெட்ட வேண்டும். அடர்காட்டுக்குள் நெடுந்தூரம் நடக்க வேண்டும். ஒரு பாயை முடிக்கப் பல வாரங்கள் ஆகும். ஆலையில் செய்த நெகிழிப் பாயோ அன்றே கிடைக்கும். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மூங்கிலைச் சிறு வனப்பொருளாக ஏற்று, அதன்மீது பழங்குடியினர்க்கு உரிமை வழங்கியிருக்கிறது. அவ்வுரிமை எந்தெந்தக் காட்டுப் பகுதிக்கு உரியது என்பது குடியிருப்புதோறும் வரையறுத்து எழுதித் தரப்பட்டால்தான், முடைபவர் அச்சமின்றிக் காட்டுக்குள் செல்ல இயலும். குறியீட்டுச் சான்றிதழ் சென்னையிலுள்ள பதிவகத்திலிருந்து வந்து விட்டது. மூங்கிலுக்கான எழுத்து, வட்ட அலுவலகங்களிலிருந்தும் வன அலுவலகங்களிலிருந்தும் வர வேண்டியதாகும்.